மெழுகுத் தோளில் அரளிப் பூ

கிரேயான் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்த குண்டானுக்குள் அத்தை கையை விட்டார். அத்தனை நாளும் அந்தக் குண்டானைத் தாண்டித்தான் போவார், வருவார். உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் கிரேயானைச் சுற்றியிருக்கும் காகிதம் தானாகக் கழன்றுவிடும். அவசரப்பட்டு வெறுமனே உரித்தால் நகக்கண் வலிக்கும். அத்தை ஒரு பழுப்புத் துண்டை எடுத்து, பூண்டு உரிப்பது போலக் காகிதத்தை உரித்துப் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றையும் உரித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இதுல ஆளு மொகம் வருமா?"

"யாரு மொகங்க அத்த?"

கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேறு யாருடைய முகத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

என் கணவர் பெயர் மாதவராஜ். மாரண்டஹள்ளியிலிருந்து பிக்கப் வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போவார். தொப்பூர் கணவாயில் பின்னால் வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் நடக்கிற கதை எல்லாமே இந்த ஒரு வரிதான், ஆள்தான் மாறுவார்கள். காரியத்துக்குப் பெரிய போட்டோ வேண்டுமென்று தேடினால் அவர் தனியாக நின்ற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் என் பாதித் தலை அவர் கழுத்தை மறைத்திருந்தது. கடைசியில் லைசென்ஸில் இருந்த படத்தைக் கொடுத்தோம். ஸ்டூடியோக்காரர் அவரை நன்றாக வெளுத்து, நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார். இறந்தவர்களுக்கு அப்படித்தான் செய்வது வழக்கமாம். வாழ்ந்தபோது அவர் கோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவரைப் பெற்ற அத்தை அந்தப் படத்துக்கு மாலை போடுவார், விளக்கு வைப்பார், ஆனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார், "இவன் யாரோ பேங்குக்காரன். எங்கொழந்த கருப்பு."

மெழுகு உருக்கும் வேலைக்கு நான் வந்தது தற்செயலாக. பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருக்கிறேன். வருடக் கடைசியில் வகுப்பைக் கூட்டினால் உடைந்த கிரேயான் ஒரு பை நிறையக் கிடைக்கும். யு.கே.ஜி. டீச்சர் கவிப்பிரியா சாயங்காலங்களில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். தன் பழைய ஹேர் டிரையரைக் கொடுத்து, போனில் ஒரு வீடியோவையும் காட்டினாள். அட்டையின் மேல் விளிம்பில் துண்டுகளை வரிசையாக ஒட்டி, டிரையரால் சூடு காட்டினால் ஒவ்வொரு நிறமும் தன் இஷ்டத்துக்கு வழிந்து இறங்கும். முதல் படத்தில் வத்தல்மலை வருமென்று நினைத்தேன், கீரைக்கட்டு வந்தது. அதனால் ஒன்றும் மோசமில்லை. ஆள் போன வீட்டில் காலையைக்கூட எப்படியோ தள்ளிவிடலாம், சாயங்காலத்தைத் தள்ளுவதுதான் கஷ்டம். டிரையர் ஓடும்போது யாரும் என்னோடு பேச முடியாது, எனக்கும் எதுவும் நினைவுக்கு வராது. பக்கத்து வீட்டு மாதம்மாள், "புருசன் போனவளுக்குக் கலரு கேக்குது பாரு" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். அத்தை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்காக அன்றைக்கு அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முகம் வருமா என்று எனக்கே தெரியவில்லை. வழிய விட்டால் வராது, பூசித்தான் செய்ய வேண்டும். தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பிளைவுட் துண்டு வாங்கிவந்தேன். தகர மூடியில் மெழுகை வைத்து மெழுகுவத்தியில் உருக்கி, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். பழுப்புக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகளுக்குச் சிவப்பும் நீலமும்தான் முதலில் தீரும், பழுப்பு எல்லாப் பெட்டியிலும் நுனிகூடத் தேயாமல் கிடக்கும். தோல் நிறம் என்று ஒன்று வருகிறதே, ரோஸ் கலந்த சந்தன நிறம், அதைத்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பூசுவார்கள். இந்தத் தாலுகாவில் அந்த நிறத்தில் ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. குழந்தைகள் வேண்டாமென்று விட்டுவைத்த நிறத்தில்தான் என் கணவரைச் செய்தேன்.

செய்ய உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. எனக்கு அவர் முகம் மறந்து போயிருந்தது. மொத்தமாக நினைத்தால் இருக்கிறார், துண்டு துண்டாகக் கேட்டால் இல்லை. புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்தது எந்தப் பக்கம், கீழுதடு எவ்வளவு தடிமன், ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தவள் நான். அவமானமாக இருந்தது. அத்தை தக்காளிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மூக்கு இவ்ளோ எடுப்பா இருக்காது. அமுக்கு. இன்னும் அமுக்கு. தழும்பு எடது புருவத்துல. எருமக் கன்னு தள்ளிவுட்டு வெட்டிக்கிட்டான், ஏழு வயசுல."

அவர் இறந்த பிறகு நாங்கள் அவரைப் பற்றிப் பேசியதே அந்தச் சாயங்காலங்களில்தான். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் புடைத்திருக்கும் என்றார் அத்தை. அது எனக்கும் தெரியும், அது மறக்கவில்லை. அதனால் தோளில் மட்டும் மெழுகை மேலும் மேலும் ஏற்றினேன், தொட்டால் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு. முடித்த அன்று அத்தை உள்ளங்கையைப் படத்தின் கன்னத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். "இவந்தான்" என்றார். கோட்டுக்காரரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே என் படத்தை மாட்டினோம். விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும், சூடு ஆகாது என்று சொன்னேன். சரி என்று வாசல் ஓரம் தள்ளி வைத்தார்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை பிரபாகரைப் பற்றி என் அண்ணன் அருள்குமார் பேச ஆரம்பித்தது இதற்கப்புறம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், குழந்தை இல்லை. பாலக்கோட்டில் ஒரு பேக்கரியில் அண்ணனை வைத்துக்கொண்டு பார்த்தோம். எதிரில் வைத்த பப்ஸை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. கிளம்பும்போதுதான் அவர் பேசினார்.

"தளம் போட்ட வூடுதாங்க. மேல ஒரு ரூமு சும்மா கெடக்குது. மெழுகுல படம் செய்வீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரை, வைகாசியில் என் படங்களைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு பேச்சுக்காகவே இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வயதில் ஒருத்திக்கு ஆசை பெரிய பெரிய காரணங்களோடு வருவதில்லை. எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது. ஆனால் அத்தை முகம் கொடுத்து அனுப்பிப் போக வேண்டும். என்னை ஒரு நாளும் ராசி கெட்டவள் என்று சொல்லாத வீடு அது. அங்கிருந்து சண்டை போட்டுக்கொண்டு வெளியேற எனக்கு வாய் வராது.

அண்ணன் வந்து விஷயத்தைச் சொன்னபோது அத்தை அழவில்லை. "நானும் இன்னும் எத்தன நாளுக்கு இருப்பேன். போவட்டும்" என்றார். அப்புறம் சொன்னார், "அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்."

எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் அம்மன் கோயிலில் பூ கேட்பார்கள். சிலையின் இரண்டு தோளிலும் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். அத்தை வகையறாவில், புருஷன் போனவளை வேறு இடத்தில் கொடுப்பதென்றால் போனவனின் படத்திடமும் அப்படிக் கேட்பார்கள். நான் சரி என்றேன். தண்ணீர் காய்ந்தால் எந்தப் பூவும் விழத்தான் போகிறது, பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டேன். ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணாடி போட்ட படத்துலயே கேக்கலாங்க அத்த. பூவும் நல்லா நிக்கும்."

"அந்தக் கோட்டுப் போட்டவங்கிட்டயா? அவன் யாரு, உன்ன அனுப்பறதுக்கும் வேணாங்கறதுக்கும்?"

இவந்தான் என்று சொல்லும்படி செய்துகொடுத்ததே நான்தான்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் உச்சிக்கு ஏறியபோது எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணனும் அண்ணியும், பிரபாகரின் தாய்மாமா ஆண்டி, அவர் சம்சாரம், எங்கள் தெருவில் சில பெரியவர்கள், கூப்பிடாமலே மாதம்மாள். மாப்பிள்ளை வரக் கூடாது என்பதால் அவர் வரவில்லை. அன்றைக்கு மட்டும் விளக்கை வாசல் ஓரத்தில் வைக்க அத்தை சம்மதிக்கவில்லை, கேட்கிறவனுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும் என்று படத்துக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் போட்டுக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டார். வெள்ளை அரளி இரண்டை எடுத்து, சொம்புத் தண்ணீரில் தொட்டு, புடைத்திருந்த இரண்டு தோளிலும் வைத்தார். வலது என்பது படத்திலிருப்பவருக்கா, பார்க்கிற நமக்கா என்று ஆண்டி மாமா ஒரு சந்தேகம் கேட்டார். அவனுக்குத்தான் என்று முடிவானது. கற்பூரம் காட்டினார்கள். பிறகு யாரோ, காற்று பட்டு விழுந்தால் பொய் வாக்காகிவிடும் என்று சொல்ல, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்தினார்கள்.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் கொதிக்கிற ஷீட், கீழே விளக்கு, நடுவில் இத்தனை பேருடைய மூச்சு. அண்ணன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தான். எல்லாரும் பூவைப் பார்த்தார்கள், நான் மெழுகைப் பார்த்தேன். கிரேயான் மெழுகு உருகுவதற்கு முன்னால் ஒரு பளபளப்பு வரும். அதுவரை மங்கலாகக் கிடக்கும் நிறம் எண்ணெய் தடவினது போல மினுங்கும். அது வந்துவிட்டது என்றால் டிரையரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இல்லையென்றால் கையை மீறிப் போய்விடும். அவருடைய தோளில் அந்தப் பளபளப்பு வந்திருந்தது. பூக்காம்பு மெல்ல உள்ளே அமிழ்வது எனக்கு மட்டும் தெரிந்தது.

"அத்த, ஃபேன் போடலாங்க. மெழுகு எளகுது."

"பேசாத கண்ணு. கேட்டுட்டு இருக்கறம்ல."

மறுபடி சொன்னால் வலப்பக்கம் விழச் சொல்லி அவசரப்படுகிறாள் என்பார்கள். சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் விழாது. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. தண்ணீர் எப்போதோ காய்ந்திருக்கும். பூ இரண்டும் தைத்து வைத்தது போல நின்றன. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இறங்கியது. பழுப்பில் கருப்பு கலந்து, கன்னத்தின் வழியாக மெதுவாக.

"அழுவறாம் பாரு" என்றாள் மாதம்மாள்.

ஆண்டி மாமாதான் முதலில் எழுந்தார். மரியாதையான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. "பூ விழுந்தா ஒரு போன் போடுங்க, வர்றோம். ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனார். சமைத்து வைத்த சாப்பாட்டை யாரும் சாப்பிடவில்லை. அண்ணன் வாசலில் நின்று கத்தினான்.

"மெழுகுல ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இதுக்குப் போயி ஒரு பொண்ணு வாழ்க்கைய நிறுத்துவீங்களா?"

"நான் நிறுத்துலப்பா" என்றார் அத்தை. "அவன் புடிச்சி வெச்சிருக்கான்."

இப்போதே கிளம்பு என்று அண்ணன் என் கையைப் பிடித்தான். நான் போகவில்லை. அவனுக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானதுதான்.

வெயில் தாழ்ந்ததும் மெழுகு இறுகிவிட்டது, பூக்களும் அதோடு இறுகிவிட்டன. யாரும் தொடக் கூடாது, விழுகிறபோது விழட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். கன்னத்து வழிசலைச் சரி செய்யவாவது விடுங்கள் என்றேன், அதற்கும் மாட்டேன் என்றார். அந்த அறையில் ஃபேன் போடுவது நின்றுபோனது. இருவரும் வாசலில் பாய் போட்டுப் படுத்தோம். அரளி சுருங்கிப் பழுப்பேறி, பழைய காகிதம் மாதிரி ஆனது. காய்ந்த பூவை உதிர விடாமல் மெழுகு பத்திரமாகப் பிடித்துவைத்திருந்தது. தானாக அது விழவே விழாது என்று எனக்குத் தெரியும். ஷீட்டுச் சூட்டில் தினமும் மதியம் இளகி, தினமும் சாயங்காலம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அத்தை காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து தரையைத்தான் முதலில் பார்ப்பார். விழுந்திருக்க வேண்டும் என்று பார்க்கிறாரா, விழுந்திருக்கக் கூடாது என்று பார்க்கிறாரா, எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பள்ளிக்கும் லீவு விட்டுவிட்டார்கள். வெந்நீர் வைத்துக் கிரேயான் உரிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் மறுபடி போன் செய்தபோது கோபமெல்லாம் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அவுங்களும் எவ்ளோ நாளு காத்துட்டு இருப்பாங்க மலரு. காவேரிப்பட்டணத்துல ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்களாம். இந்த வாரம் பாப்பாங்க, அப்பறம் அங்க போயிருவாங்க."

அன்று மதியம் அத்தை தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் படத்துக்கு எதிரில் போய் நின்றேன். வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். கத்தியால் நெம்பினால் தோள் பெயர்ந்துவிடும், பார்த்தாலே தெரியும். சூடுதான் வழி. வலது தோளில் மட்டும், காம்பு இறங்கியிருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் காட்டினால் பூ நழுவிவிடும். சூடு சொன்ன இடத்தில் நிற்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. தோளுக்குப் பக்கத்தில் கழுத்து, கழுத்துக்கு மேலே தாடை. அவரைக் கொஞ்சம் உருக்கித்தான் நான் இங்கிருந்து போக முடியும். இப்படி நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் டிரையரை எடுத்து பிளக்கில் செருகினேன்.

பளபளப்பு வருவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. அத்தை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கால் முழுக்கச் செம்மண்ணோடு நின்றிருந்தார். நான் டிரையரை அணைத்தேன். ஒளித்துவைக்க இடமில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் உள்ளே வந்தார். ஸ்டூலைக் காலால் ஒரு பக்கம் தள்ளினார். தலையிலிருந்த முந்தானையை இழுத்து, அதிலிருந்த தூசியை ஒரு தட்டுத் தட்டி, படத்துக்குக் கீழே சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"ம். போடு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போடு கண்ணு. மொகத்துல மட்டும் படாம பாத்துக்க."

நான் டிரையரைப் போட்டேன். சூடு தாடைப் பக்கம் போகாமல் இடது உள்ளங்கையை நடுவில் கொடுத்துத் தடுத்தேன். கை காந்தியது, எடுக்கவில்லை. தோள் மினுங்கியது, பிறகு இளகியது. முதல் சொட்டு அத்தையின் வெளுத்த சேலையில் விழுந்து பழுப்பாகப் பரவியது. அடுத்த சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. துடைக்கவில்லை. பூ இன்னும் விழவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அத்தை நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு, விரித்த முந்தானையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக நகர்த்திப் பிடித்தார்.